அத்தான் திருத்திய வான்

அத்தானிடம் வாகனம் வாங்க வருகிறவர் சாவியைக் கேட்பதற்கு முன் கையைக் கொடுக்க வேண்டும். அத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாகனத்தைச் சுற்றி வருவார். அடிபட்ட இடம் வந்ததும் நிற்பார். வந்தவரின் உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்து, தன் கையால் மேலே அழுத்தி, "இதிலதான் அடி. மரத்தில மோதின வாகனம். உள்ளுக்கு வெட்டி ஒட்டியிருக்கு. நல்லாத் தடவிப் பாருங்க" என்பார். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பூச்சு அவ்வளவு சுத்தம். விரலுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். தட்டுப்பட்டது என்று வாங்குகிறவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் சாவி. சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு ஒரு ஆண்பிள்ளை தன் கையைப் பிடித்து நடத்துவதே கூச்சமாக இருக்கும். வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், "என்ன தம்பி, கலியாணத்துக்குக் கைபிடிச்சுக் குடுக்கிற மாதிரி" என்று கேட்டார். அத்தான் சிரிக்கவில்லை. அவருடைய பெண்சாதியான என் அக்காதான் குசினி யன்னலுக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடிபட்ட வாகனங்களைத் திரும்பவும் ஓட வைப்பது அத்தானின் தொழில். விபத்தில் நொறுங்கிய வாகனத்தைக் காப்புறுதிக்காரர் வந்து பார்ப்பார்கள். திருத்துகிற செலவு அதன் பெறுமதியைத் தொட்டுவிடும் என்று கண்டால் முழுச்சேதம் என்று எழுதி, சொந்தக்காரருக்கு நட்டஈட்டைக் கொடுத்துவிட்டு, மிச்சக் கூட்டை ஏலத்தில் விடுவார்கள். அத்தான் கொழும்புக்கும் குருநாகலுக்கும் போய் அப்படிப்பட்டதை எடுத்து, லொறியில் ஏற்றி, வாவியைக் கடந்து படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வளவுக்குக் கொண்டுவருவார். வருகிறபோது அது வாகனம் என்றே சொல்ல முடியாது. மூன்று நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மணப்பெண் மாதிரி நிற்கும்.

திருத்தினால் மட்டும் போதாது. அதைத் திரும்ப றோட்டில் விடவும், இன்னொருவருக்கு விற்கவும் சட்டங்கள் இருக்கின்றன. அடிச்சட்டத்துச் செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டு வாகனங்களை வெட்டி ஒன்றாக ஒட்டி ஒரே இலக்கத்தில் ஓட்டக்கூடாது. நிறம் மாறினால் அறிவிக்க வேண்டும். பரிசோதகர் பார்த்து, எங்கே சேதம் எங்கே திருத்தம் என்று அறிக்கை எழுத வேண்டும். விற்றால் சுணங்காமல் பெயர் மாற்ற வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். வாய்ப்பாட்டைப் போல இவையும் எனக்கு மனப்பாடம். அத்தானுக்கு எழுத்து வேலை என்றாலே காய்ச்சல் வந்துவிடும் என்பதால் படிவம் நிரப்புகிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. வேறு இடங்களில் இந்தச் சட்டமெல்லாம் சுவரில் தொங்குகிற போன வருடக் கலண்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற மாதிரி, பள்ளத்தில் பட்டிப் பசையை அப்பி மினுக்கி, அடியே படாத வாகனம் என்று சாமிப்படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து விற்பார்கள். பெயரை மாற்றாமல் வெறும் கையெழுத்தோடு ஒரு வாகனம் நாலைந்து பேரிடம் போய்விடும். அத்தானுக்கு அது சரிவராது. சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஏன் இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். "மனிசர் ஏறி இரிக்கிற சாமான் புள்ள" என்றார்.

அக்கா இல்லாமல் அவருடைய வேலை முடிவதில்லை. திருத்தி முடித்த வாகனத்தின் முதல் ஓட்டத்துக்கு அவள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். குளித்து, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போகிறவள் போல வந்து இடப்பக்க ஆசனத்தில் ஏறுவாள். கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே போட்டுக்கொள்வாள். மண்முனைப் பாலம் வரைக்கும் ஓட்டம். போகிற வழியெல்லாம் வாய் மூடாமல் ஊர்க்கதை பேசுகிறவள், திரும்பி வரும்போது ஒரு சொல்லும் பேசமாட்டாள். காது கொடுத்துக்கொண்டு வருவாள். வளவுக்குள் வந்து இறங்கியதும், "பின்னுக்கு ஆரோ இருந்து முணுமுணுக்கிறாங்க" என்பாள். அத்தான் படுத்து, குனிந்து, எல்லாத் திருகாணிகளையும் தட்டிப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு ஆணி தளர்ந்திருக்கும். கண்டுபிடித்ததும் அதை அவளிடம் கொண்டுவந்து காட்டுவார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அவர்களைப் பார்த்து ஒரு ஏக்கம் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் பேசி வந்த கலியாணங்கள் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. இப்படி ஒருவர் ஒரு ஆணியைக் கொண்டுவந்து காட்டுகிற வாழ்க்கை எனக்கு அமையுமா என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். அத்தான் கல்குடாவிலிருந்து அப்படித்தான் ஒரு உடுப்புப் பெட்டியோடும் ஒரு சாமான் பெட்டியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்தபோது வளவின் பின்பக்கம் வெறும் பற்றைக்காடு. அதை வெட்டித் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, வாகனம் திருத்துகிற கராச்சாக்கியது அவர். ஆனாலும் நிலம் அக்காவின் சீதனம். அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. அதெல்லாம் ஒரு கணக்காக யாருக்கும் படவில்லை, அக்கா இருந்தவரைக்கும்.

எங்கள் வீட்டில் நின்ற நீல நிற வான் வண்டி மட்டும் ஏலத்தில் எடுத்ததல்ல. அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்கென்று வாங்கியது. உன்னிச்சையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பக்க றோட்டிலிருந்து மண் ஏற்றின டிப்பர் ஒன்று நிற்காமல் வந்து ஏறியது. இடப்பக்கத்தில். அக்கா அங்கேதான் இருந்தாள். வானை ஓட்டி வந்த அத்தானுக்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்கும் இரண்டு தையல் போட்டிருந்தால்கூட அவர் கொஞ்சம் ஆறியிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், உங்களையாவது கடவுள் காப்பாற்றினாரே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வழக்கு, பொலிஸ், நீதிமன்றம் எல்லாம் முடிந்து காப்புறுதிக்காரர் வானை முழுச்சேதம் என்று எழுதினார்கள். கூட்டை அவர்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அத்தான் விடவில்லை. நட்டஈட்டில் கழித்துக்கொள்ளுங்கள், வான் எனக்கு வேண்டும் என்றார். லொறியில் வந்து இறங்கிய அதைப் பார்த்து அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பழைய இரும்புக்காரனுக்குக் கொடு, வாவிக்குள் தள்ளிவிடு, என் கண்ணில் படாமல் என்னவாவது செய் என்று கத்தினாள். அத்தான் அவள் அழுது முடியும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "இது ஓட வேணும் மாமி. ஓடவச்சு, ஒரு நல்ல கையில குடுத்துட்டு, நான் கல்குடாவுக்குப் போயிருவன்."

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர் வழமை அவருக்கும் தெரியும். பிள்ளையில்லாமல் பெண்சாதி செத்துப்போனால் மாப்பிள்ளை தன் சகோதரியின் வீட்டுக்குப் போய்விடுவார். வீடு அடுத்த பெண்ணுக்கு. அடுத்த பெண் நான். முப்பத்தைந்து வயதில் இன்னும் கலியாணம் ஆகாமல் அதே வீட்டில் இருக்கிறவள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆண்டுத் திவசம் முடிந்ததும் அம்மாவே வெளிப்படையாகக் கேட்டாள். வேறு எங்கேயும் போக வேண்டாம் மகன், சின்னவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருங்கள் என்றாள். நான் அப்போது உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கொட்டிலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு அவர் வேண்டியிருந்தார். அக்காவின் ஞாபகத்துக்காக அவர் இந்த வீட்டில் இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, எனக்கு நானே பொய் சொல்ல அலுப்பாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரும்போது கோயில் வீதி திரும்புகிற இடத்தில் அந்தச் சுத்தியல் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் அவர் இருக்கிறார், வான் முடியவில்லை. சத்தம் இல்லாத நாட்களில் என் கால் தானாக வேகமாக மிதிக்கும். இடப்பக்கக் கதவைப் புதிதாகக் கொண்டுவந்து மாட்டியிருந்தால் ஒரு கிழமை வேலை. அவர் அப்படிச் செய்யவில்லை. மடங்கிக் கிடந்த அதே கதவை விரித்து, தட்டி, நிமிர்த்தி, திரும்பவும் தட்டி, ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஒரு பக்கத்திலேயே நின்றார். மற்ற வாகனங்களையும் இடையில் திருத்திக் கொடுத்தார்தான். என்றாலும் பின்னேரம் ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு இருந்துவிடுவார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். அவர், "இண்டைக்குப் பள்ளிக்கூடம் என்ன மாதிரி?" என்று கேட்பார். நான் ஒன்றும் விசேசமில்லை என்பேன். ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான். அந்த நாட்களைப் போல ஒரு நாளும் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

எதுவும் ஒருநாள் முடியத்தானே வேண்டும். வான் முடிந்தது. அதே நீலம். பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது கடுதாசி வேலைக்கென்று நானும் போனேன், பின் ஆசனத்தில் இருந்துகொண்டு. பரிசோதகர் நல்ல மனிதர். அத்தானை நெடுநாளாகத் தெரியும், அக்காவின் செத்தவீட்டுக்கும் வந்தவர். படுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், இலக்கங்களை ஒத்துப் பார்த்தார். அறிக்கையை மடித்து என் கையில் தந்து, அத்தானின் தோளில் ஒருதரம் தட்டிவிட்டு உள்ளே போனார். வெளியே தேத்தண்ணிக் கடையில் இருந்து அத்தான் அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சாதாரண தகர வேலையும் பூச்சும், ஓடத் தகுதியானது என்று மட்டும் இருந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்டார். திரும்பவும் வாசித்தேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தார்.

பரிசோதகர் எங்களைக் கண்டதும் காரணத்தை விளங்கிக்கொண்டார். தெரிந்துதான் விட்டேன் என்றார். அடிபட்டதையெல்லாம் விரித்து எழுதினால் இந்த வானை யார் வாங்குவார், நீங்கள் பட்டது போதும், விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார். எங்கள் ஊரில் நல்ல மனிதர்கள் செய்கிற பிழை இதுதான். துக்கப்பட்டவனுக்கு ஒரு சட்டத்தைத் தளர்த்திவிடுவதை ஆறுதல் என்று நினைப்பார்கள். இப்படி எழுதித் தரச் சொல்லி மற்றவர்கள் நாயாய் அலைவார்கள். அத்தான் அந்தக் கடுதாசியை மேசையில் வைத்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"எழுதுங்க சேர். அவ இருந்த பக்கம் அது. ஒண்டும் நடக்கல்ல எண்டு இந்தக் கடுதாசி சொல்லக் கூடாது."

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புதிய தாளை எடுத்து, இடப்பக்கம், கதவு, தூண், தளம் என்று ஒவ்வொன்றாக, பாரிய விபத்தில் சேதமடைந்து திருத்தப்பட்டது என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். அழுகைக்குள்ளே ஒரு சந்தோசமும் இருந்தது. இனி இதை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஆனால் அது இறக்குமதித் தடையால் புது வாகனங்கள் நாட்டுக்குள் வராதிருந்த காலம். நாலு சில்லும் ஒரு கூடும் இருந்தால் போதும், ஆட்கள் தேடி வந்தார்கள். அறிக்கையைப் பார்த்தும் வந்தார்கள். வந்தவர்களின் கையைப் பிடித்து அத்தான் இடப்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். கையைக் கதவில் வைத்து அழுத்தி, "இதிலதான் அடி. என்ட பொஞ்சாதி இதுக்குள்ள செத்தவ" என்றார். அவ்வளவுதான், கை நழுவிவிடும். ஒருவர் பூசணிக்காய் வெட்டிக் கழிப்புக் கழித்துவிட்டு எடுக்கிறேன் என்று போனார், வரவில்லை. இன்னொருவர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார். தரகர் ஒருவர் பொறுக்க முடியாமல் அத்தானோடு சண்டை பிடித்தார். சட்டம் சேதத்தைத்தான் சொல்லச் சொல்கிறது, சாவைச் சொல்லச் சொல்லவில்லையே, உங்களுக்கு என்ன விசரா என்று கேட்டார். அவர் சொன்னது சரி. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. நான் எல்லாவற்றையும் நிரப்பியவள், எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் வாசலைத் தாண்டிப் போகும்போது நான் அத்தானுக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன்.

கடைசியில் வாகரைப் பக்கத்தால் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். சந்தைக்குச் சந்தை போய்ப் பானை சட்டி விற்கிறவர்கள். அத்தான் புருஷனின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார், சொன்னார். அந்த மனிதரும் மற்றவர்களைப் போலக் கையை மெல்ல எடுத்துக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தார். அவள் என் வயதுக்காரி. தோளில் கிடந்த பையை இறக்கி வைத்தாள். பிறகு தானே கிட்ட வந்து, யாரும் பிடிக்காமல், கையைக் கதவில் வைத்தாள்.

"அவட பேர் என்ன அண்ணன்?"

அத்தான் அக்காவின் பெயரைச் சொன்னார். அக்கா செத்த நாளிலிருந்து அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அவ, அவ என்றுதான் சொல்லிவந்தார்.

"நான்தான் இதில இரிக்கப்போறன். ஆர்ட இடம் எண்டு தெரிய வேணுமே" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அவளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவ்வளவு பேர் வந்து கேட்காத கேள்வியை இவள் ஏன் கேட்டாள் என்று ஆத்திரமாக வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்தேன். ஒரு தளர்ந்த ஆணியைக் கண்டுபிடித்தவர் போல அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கை கிடைத்துவிட்டது. பெயர் மாற்றுகிற படிவத்தை மேசையில் வைத்து என் கையாலேயே நிரப்பினேன், ஒரு எழுத்தும் பிழையில்லாமல். அந்த நீல வான் தெருவில் ஏறித் திரும்பி மறைந்ததை அம்மாவும் நானும் நின்று பார்த்தோம்.

அந்தக் கிழமையே அவர் வெளிக்கிட்டார். வீட்டுச் சாவியை இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். அக்காவின் படத்துக்கு முன்னால் நின்றார். சாமான் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, "வாறன் புள்ள" என்றார். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்.

இப்போது அம்மாவும் இல்லை. கொட்டில் இருந்த இடத்தில் பயற்றங்கொடி போட்டிருக்கிறேன். எண்ணெய் ஊறின மண் என்பதாலோ என்னவோ ஒரு மூலையில் மட்டும் எதுவும் முளைப்பதில்லை. அத்தான் கல்குடாவில் சகோதரியோடு இருக்கிறார், மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை அக்காவின் திவசத்துக்கு வருவார். சாப்பிடுவார், இரண்டு சொல் பேசுவார், மத்தியான பஸ்ஸில் போய்விடுவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோயில் வீதி திரும்புகிற இடத்தில் இன்றைக்கும் என் காது தானாகக் கூர்மையாகும். தெரிந்தும் கேட்கிறேன்.

இந்த வருடத் திவசத்துக்கு அவரோடு நானும் சந்தி வரைக்கும் நடந்தேன். அவருக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. மழை, வெள்ளாமை, பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டு போனோம். பஸ் தூரத்தில் தெரிந்ததும் எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"போகாம இரிங்களன் அத்தான். என்னோட இரிங்க."

அவர் விளங்காதவர் போல நடிக்கவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வந்துகொண்டிருந்த பஸ்ஸையே பார்த்தபடி நின்றார்.

"எனக்குப் பக்கத்தில ஆரையும் இருத்தப் பயம் புள்ள" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ன எண்டா இன்னும் பயம்" என்றார்.

பஸ் வந்தது. ஏறினார். வெயிலுக்குள் அந்தச் சந்தியில் நான் வெகுநேரம் நின்றேன். அவ்வளவு சந்தோசமாகவும் அவ்வளவு ஆறாமலும் என் வாழ்க்கையில் நான் ஒருநாளும் நின்றதில்லை.